ஆறு நாள் விடுப்பு

மேனேஜர் பாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"பாலிக் கம்போங்?" என்றார்.
இல்லை, சுற்றிப் பார்க்க, என்றேன்.
போன வருடம் ஹட்யாய் போனேனே, அதுபோல.
சிரித்தார். கையெழுத்துப் போடும்போதும்
சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

பத்தாங் பெர்ஜுந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது.
கோப்பிக் கடையில் கேட்கிறார்கள்: "ஊருக்கா?"
முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திக் கேட்கிறார்:
"உங்களுக்கு அங்க எந்த ஊரு?"
நான் பிறந்தது மூணாம் டிவிஷன் ஆஸ்பத்திரியில்.
அதை இடித்து உரக் கிடங்கு கட்டிவிட்டார்கள்.
சென்னையில் எனக்குத் தெரிந்தது
டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்து.

திட்டம் விமலேஸ்வரியுடையது.
சீட்டுக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள்.
முதல் நாள் தூக்கம்.
இரண்டாம் நாள் தி. நகர், பகல் முழுக்க
(எனக்கு நாற்காலி போடும் கடையாகப் பார்த்து).
மூன்றாம் நாளுக்கு எதிரே ஒரே சொல்: சூரியன்.
நாலாம் நாளுக்குக் கோடு மட்டும்.

என்ன சூரியன்?
"நம்ம ரெமிஸ் கடல்ல அது இறங்கத்தான் செய்யுது,
சேத்துக்குள்ள, நண்டுக்காரன் படகுக்குப் பின்னால.
ஏறி நான் பாத்ததில்ல. மெரினாவுல ஏறும்."
குவாந்தானிலும் ஏறும், காடியில் நாலு மணி நேரம், என்றேன்.
அன்று இரவு
சோற்றை நானே போட்டுக்கொண்டேன்.

விசாப் பாரத்தில் ஒரு கட்டம்:
இந்தியாவில் உங்களை அறிந்தவர் பெயர், முகவரி, தொலைபேசி.
நட்சத்திரக் குறி போட்டது. நிரப்பாமல் நகராது.
யோசித்தோம்.
அவள் பக்கம் யாருமில்லை. என் பக்கமும்.
ஒரு கடிதம் வந்ததாகக்கூட அப்பா சொன்னதில்லை.
டிவி நாடகத்தில் வருகிறவர்களைத்
தினமும் பெயர் சொல்லித் திட்டுகிறோம்.
அவர்களுக்கு எங்களைத் தெரியாது.

திருவல்லிக்கேணி லாட்ஜுக்குப் போன் போட்டேன்.
வாடகையில் பசியாறலும் சேர்த்தியா?
எதிர்முனை கொஞ்சம் தயங்கியது.
"சார், பசிக்குதா?"
இல்லை தம்பி, காலைப் பசியாறல்.
"ஓ, டிபனா! டிபன் உண்டு சார். நீங்க சிலோனா?"
மலேசியா என்றேன்.
பிறகு, வெட்கத்தோடு, அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.
"என் பேரப் போட்டுக்கங்க சார். நூருல்லா.
எல்லாரும் அதத்தான் போடுறாங்க."
எழுத்துக் கூட்டிச் சொன்னான்.
கட்டம் பச்சையானது.

ஆக, அத்தனை பெரிய தேசத்தில்
எங்களை அறிந்தவர் ஒருவர்,
இரவுப் பணி, வரவேற்பு மேசை.
அவனுக்கு ஒரு பாக்கெட் ஈப்போ கோப்பி
எடுத்துவைத்தாயிற்று.

இருபது கிலோதான் அனுமதி.
ஞாயிறன்று ஆலை ஓய்வு.
பெட்டியைக் கொண்டுபோய் எடைமேடையில் வைத்தேன்.
நாற்பது டன் தாங்கும் இரும்பு
அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சுழி.
விமலாவை ஏறச் சொன்னேன். எண்பது.
"அது பெட்டியோட!" என்றாள் அங்கிருந்தே.
நானும் ஏறினேன், கதவைத் திறந்துபோட்டு
எட்டி எட்டி எண்ணைப் பார்த்தபடி.
நூற்று அறுபது.
பழக்க தோஷம், ஓடிவந்து சீட்டு அச்சடித்தேன்:
லோரி எண் இல்லை, டிரைவர் இல்லை,
தோட்டம் இல்லை,
நிகர எடை நூற்று அறுபது கிலோ.
இருபத்தாறு வருட உத்தியோகத்தில்
இதைவிடச் சின்னச் சரக்கு வந்ததில்லை.
அந்தச் சீட்டை மடித்து
அவள் தன் கடப்பிதழுக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்று வியாழன். இன்னும் ஒன்பது நாள்.
அங்கே மணி இரண்டரை பின்னால்.
மெரினாவில் அது ஏறும் நேரம்
இங்கே எட்டரை,
ஆறாவது லோரி குலைகளோடு மேடை ஏறும் நேரம்.
கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.
செம்பனை மட்டைகளுக்கு மேலே வந்து
ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, சுடுகிறது.
அதேதான்.
அவளிடம் சொல்லப்போவதில்லை.

காசிம் ஹார்ன் அடிக்கிறான்.